தலைகளை எண்ணுகிறவன்

புத்தகத் திருவிழாவின் மூன்றாம் நாள்
வாசிப்பு, நீச்சல் குளத்தில்.
நகராட்சியின் யோசனை.
நூலகக் கூரை ஒழுகுகிறது,
தேவாலயத்தில் உட்கார முடியாத குளிர்,
மீன் தொழிற்சாலையில் நேற்றே கவிஞர்கள் வந்து
நாற்றத்தைப் பற்றி நாலு கவிதை வாசித்துவிட்டுப் போனார்கள்.
எஞ்சியது
நான் காவல் நிற்கும் இந்தச் சுடுநீர்.

நவம்பர். நாலரைக்கெல்லாம் இருட்டு.
வெளியே மைனஸ் ஐந்து, தண்ணீரில் முப்பத்தெட்டு.
கம்பளித் தொப்பிகளோடு கழுத்தளவு நீரில்
ஊர் அமர்ந்திருந்தது:
ரொட்டிக்கடை எய்விந்தூர்,
அவன் கடன் வைத்திருக்கும் பல்மருத்துவர் சோல்ரூன்,
பேச்சில் பாதி புரியாவிட்டாலும்
ஒரு கூட்டத்தையும் தவறவிடாத
மீன் வெட்டும் போலந்துக்காரி போஷேனா.

ஐஸ்லாந்தில் பிறந்த எல்லார் வயிற்றிலும்
ஒரு புத்தகம் இருக்கிறது என்பார்கள்.
என் வயிற்றில் மதியம் தின்ற கருவாடு.
பச்சைக் கைப்பட்டை கட்டி உள்ளே விட்டது
இருபத்துமூன்று பேரை.
என் வேலை இருபத்துமூன்று தலைகள்.
கதை கேட்கச் சம்பளமில்லை.

ஹால்பெரா இடுப்பளவு நீரில் நின்றாள்.
நெற்றியில் சுரங்க விளக்கு,
கையில் பிளாஸ்டிக் உறையிட்ட தாள்கள்.
ஆவி படியப் படியக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல வாசித்தாள்.
வலை இழுக்கும் விடியற்காலை.
ஸ்துர்லா என்று ஒருவன்.
கணுக்காலில் கயிறு.

‘மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை’
என்று அவள் சொன்னபோது நிமிர்ந்தேன்.
சரிதான்.
பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்வது அது.
மேலே வரும் வாய் மூச்சுக்கே போதாது,
கூப்பிட ஏது?
இதை இவளுக்கு யார் சொன்னது?

பழக்கதோஷம், மறுபடி எண்ணினேன்.
இருபத்துநான்கு.

ஆவி என்னென்னவோ காட்டும்.
எய்விந்தூரையே ஒருமுறை
கடல்நாய் என்று நினைத்து விசில் ஊதியவன் நான்.
இடமிருந்து எண்ணினேன், வலமிருந்து எண்ணினேன்.
ஏணியடி மூலையில்
தொப்பியில்லாத தலை ஒன்று.
மற்றவர்மேல் விழுந்த பனி
உருகிக் காதோரம் சொட்டிக்கொண்டிருக்க
அந்த முடியில் மட்டும்
வெள்ளை ஏறிக்கொண்டே போயிற்று.

விசில் உதடுவரை வந்தது.
ஊதி, என்ன கேட்பேன்?
கைப்பட்டை எங்கே என்றா?

நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தோடு நிறுத்தினாள் ஹால்பெரா.
நீருக்குள் கைதட்ட முடியாது,
கைகளைத் தூக்கித் தட்டினார்கள், குளிரக் குளிர.
போஷேனா உடைந்த மொழியில் கேட்டாள்:
‘அவன் கரை வந்தானா?’
‘தெரியாது’ என்றாள் ஹால்பெரா.
‘அதற்கு மேல் அவன்கூடப் போக எனக்குத் தைரியமில்லை.’
யாரோ சிரித்தார்கள்.
மூலையில் தண்ணீர் அசைந்தது,
நெடுநேரம் உட்கார்ந்தவர் கால் மாற்றிக்கொள்வதுபோல.

கூடையில் இருபத்துமூன்று பட்டைகள் விழுந்தன.
டிக்கெட் மேசையில், ஈரத் தலையோடு,
வாங்கியவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.
எனக்கும் ஒரு பிரதி நீட்டினாள்.
வேலை நேரம் என்றேன்.
பிறகு, யாரும் பார்க்காதபோது,
காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.

பதிவேடு:
வந்தவர் இருபத்துமூன்று. போனவர் இருபத்துமூன்று.
‘குறிப்பு’ என்ற கட்டத்தில்
பதினோரு வருடமாக ‘ஏதுமில்லை’ என்று எழுதுகிறேன்.
இன்று பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இரவில் குளத்தை மூட வேண்டும், சூடு போகாமல்.
நீலப் போர்வையை உருளையிலிருந்து இழுத்து வந்தேன்.
ஏணி மூலையில்
ஓர் ஆள் அகலம் விட்டு நிறுத்தினேன்.
காலையில் வெப்பக் கணக்குக் கேட்பார்கள்.
உருளை சிக்கிக்கொண்டது என்று
சொல்லிக்கொள்ளலாம்.