கடைசித் தேதி

திருத்தணி அரசு மருத்துவமனை, அறை எண் ஒன்பது.
புத்தூர் பஸ் திரும்பும்போதெல்லாம்
ஈயத்தகடு அடித்த கதவு லேசாக அதிரும்.
டிப்ளமோ, இரண்டாம் வருடம்.
லாக் புத்தகத்தில் மார்பு நூறு முடிந்தது,
கை கால் எண்பதும் முடிந்தது.
இடுப்பு முதுகெலும்பு மட்டும்
இருபத்தைந்துக்கு இருபத்துநாலு.
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

வந்த புதிதில் பாடம் மூன்றே சொல்:
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
அதையே தெலுங்கில்
காலி பீல்ச்சண்டி, பிகபட்டண்டி, வதலண்டி.
காலி என்றால் காற்று.
அரக்கோணத்துக்காரர் ஒருவரிடம் வாய்தவறிச் சொல்லப்போக
நெஞ்சைத் தகட்டிலிருந்து எடுத்துத் திரும்பிவிட்டார்:
"எதும்மா காலி?"

தாலியைக் கழற்றச் சொன்னால் கழற்றமாட்டார்கள்.
ஊக்கும் பவளமுமாகப் பல்லில் கவ்விக்கொண்டு நிற்பார்கள்.
புத்தூர்க் கட்டோடு வருகிறவர் அதை அவிழ்க்கவே விடமாட்டார்;
மூங்கில் பத்தை படத்தில்
எலும்புக்குத் துணைபோல மங்கலாக நிற்கும்.
ஈயத்தில் வார்த்த இடது வலது எழுத்தை
ஒருநாள் மாற்றி வைத்தேன்.
ஒரு வாரம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட இது:
பார்த்ததைச் சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்வார்.
திரையில் வெள்ளையாக ஏதோ ஒன்று எழும்பும்போது
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக்காரர்
சட்டைப் பொத்தானைப் போட்டபடி
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
அவருக்கு அந்தப் படமே போதும்.
முகத்தை எங்கே வைப்பது என்று
பாடத்திட்டத்தில் இல்லை.

வியாழன், பதினொன்றரை.
தேசம்மா, இருபது வயது, நகரி.
தறிக்கொட்டகைப் படியில் சறுக்கி விழுந்திருக்கிறாள்.
சீட்டில்: இடுப்பு, முன்பக்கம், பக்கவாட்டு.
என் இருபத்தைந்து.

மாமியார் முழங்கையைப் பிடித்தே உள்ளே கூட்டிவந்தாள்.
நான் கேட்பதற்குள்,
"அதெல்லாம் ஒண்ணுமில்ல.
ரெண்டு வருஷமா ஒண்ணுமில்ல."
விழுந்த வலியைவிட அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு
அவள் முதுகு அதிகம் வளைந்தது.

வெளியே இருங்கம்மா, கதிர்வீச்சு என்றேன்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் யாராக இருந்தாலும் அடங்குவார்கள்.

கதவைச் சாத்தினேன். ஏப்ரன் மாட்டினேன்.
வெளிச்சச் சதுரத்தை
அவள் அடிவயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினேன்.
சுவரில் ஒட்டியிருக்கிற கேள்விதான்,
பலமுறை சும்மா வாய்க்கு வந்து போன கேள்வி:
கடைசியா தூரமானது எப்போ?

தேதி தெரியவில்லை அவளுக்கு.
"ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்க வந்தமே,
அதுக்கு மூணு நாள் முன்ன."
படுத்தபடியே விரல்கணுக்களில் எண்ணினாள்.
ஒரு கை தீர்ந்தது. மறுகையும் தீர்ந்தது.
முதல் கைக்கே திரும்பி வந்து
நடுவிரலில் நின்றாள்.

குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருந்தது.
விசை என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."
சொல்லமாட்டேன். எங்களுக்கு அது விதி.
"நிஜமான்னு தெரியற வரைக்கும்."
சதுரத்தை அணைத்தேன்.
அப்போதும் கொஞ்சநேரம்
அவள் கை அங்கேயே இருந்தது.

ஹபீப் அண்ணன் டாக்டரிடம் போனில் பேசினார்.
எக்ஸ்ரே வேண்டாம், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை,
அறை எண் பதினாலு.
மாமியார் நடைவழியில் எழுந்து நின்றாள்:
"படம் எங்க?"
மெஷின் சூடாயிருக்கும்மா, வேற டெஸ்ட் எழுதியிருக்காங்க.
சொல்லி முடிக்கும்போது
என் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆளுக்கு பஸ்ஸர் அடித்தது.
அவள் கதவைப் பார்த்தாள், பிறகு என்னை.
வெகுநேரம் பார்த்தாள்.
என் முகத்தில் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் லாக் புத்தகம்.
இருபத்தைந்தாவது வரியில்
பென்சிலால் தேதியை மட்டும் எழுதி,
படம் என்ற கட்டத்தைச் சும்மா விட்டிருந்தேன்.
ஹபீப் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மேசை டிராயரைத் துழாவி
ரப்பரை எடுத்து நீட்டினார்.