அறுநூற்று நாற்பது கே

சிசில் ஸ்திரீட், ஒன்பதாம் மாடி.
கப்பல் ஏஜென்சியின் ஒரே முந்நூற்று எண்பத்தாறு
என் மேசையில்தான் இருந்தது.
நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல;
ஏர்கான் காற்று அந்த மூலையில் நேராக விழுந்தது.

ஒரே நேரத்தில் நாலு வேலை செய்யும் லா, என்றான்
சிம் லிம் டவர் கடைக்காரன்.
பொய்.
பிடோக் போகும் பஸ்ஸில் கையேட்டைப் படித்தேன்.
ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்கிறது அது.
ஒரு நொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி
இதற்கொரு துண்டு, அதற்கொரு துண்டு.
ஒவ்வொரு நிரலும்
இயந்திரம் தனக்கு மட்டுமே என்று
நம்பிக்கொண்டிருக்கிறது.

முதல் ஜன்னலில் சரக்குப் பட்டியல்:
போர்ட் கிளாங், கொழும்பு, சிட்டகாங்.
இரண்டாவதில் சம்பளக் கணக்கு, சிபிஎஃப் கழிவோடு.
மூன்றாவதில் மிஸ்டர் தியோவின் கடிதங்கள்,
நலம் விசாரித்துத் தொடங்கி
பாக்கி கேட்டு முடிபவை.
நான்காவதற்குப் பெயர் வைக்கவில்லை.
அதில் ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் நான் கறுப்பாக்கிய புள்ளிகள்.
சேர்த்துப் பார்த்தால் ழ.

தியோவின் காலணி பான்ட்ரியைத் தாண்டும் சத்தம் கேட்டதும்
ஆல்ட் விசையில் ஒரு தட்டு.
ழ அடியில் போய்விடும்,
கப்பல் மேலே வந்துவிடும்.

நினைவகம் அறுநூற்று நாற்பது கே.
அட்டை செருகி இரண்டு மெகா ஆக்கிய பிறகும்
வீவக லிஃப்டில் மெத்தை ஏற்றுகிற கதைதான்:
ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவருக்கு இடமில்லை.
சில மாலைகளில் கடிதம் உறையும்,
கூடவே கொழும்பும் உறையும்.
சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு
தேநீர் வாங்கப் போவேன்.

அச்சுப்பொறியின் தலையில் ஒன்பது ஊசிகள்.
இங்கிலீஷுக்குத் தாராளம்.
நமக்கோ மெய்யெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி,
புள்ளிக்குக் கீழே கொஞ்சம் வெளி.
மிஞ்சுவது ஏழு வரிசை.
ஏழுக்குள் மூன்று சுழியையும் படுக்கவைத்து
ஒரு ண எழுதிப் பாருங்கள்.

மார்ச் முப்பது.
சம்பளச் சீட்டுகள் பின்னால் அச்சாகட்டும் என்று விட்டுவிட்டு
முன்னால் சிட்டகாங்கைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
காலையில் சோதனைக்கென்று
அச்சுப்பொறிக்குள் நாலு எழுத்தை இறக்கியிருந்தேன்:
T இருந்த இடத்தில் த. K இடத்தில் க.
M ம, L ல.
வெளியே அழைத்துவர மறந்துவிட்டேன்.
ஊசிகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன,
நாற்பத்திரண்டு பேரின் சம்பளம்.

தEO BOON கIAத
என்று வந்தது முதல் சீட்டு.

தியோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வைரஸா?"
"இல்லை சார். தமிழ்."
கடைசி எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்,
மை ஒட்டிக்கொண்டது.
"இரண்டு தடவை வருகிறதே, இது என்ன?"
த, என்றேன்.
த, என்று சொல்லிப் பார்த்தார், நாக்கு பல்லில் பட.
பிறகு மறுபடி முதலாளி ஆனார்:
பாழான தாளுக்குப் பதினொரு வெள்ளி நாற்பது,
அடுத்த மாதம் பிடித்தம்.

டெலெக்ஸ் கமாலியா
கAமAலIAH என்று கிடைத்ததை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.
தன் பெயரில்தான் பூச்சி அதிகம் என்று பெருமை.

நான் எல்லாவற்றையும் சரியாக அடித்துக் கொடுத்தேன்.
லாரி ஓட்டும் மார்க்கண்டன்
சரியானதில் கையெழுத்துப் போட்டுவிட்டு
குப்பைக்கூடையில் பழையதைத் தேடி எடுத்தார்.
மARகANDAN.
ஓரத்துத் துளை வரிசையைப் பொறுமையாகக் கிழித்தார்.
"ரெண்டு எழுத்து வந்திருக்கு," என்றார்.
"மீதி எப்ப வரும்?"

"இடம் பத்தலைண்ணே," என்றேன்.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டான்ஜோங் பகார் வாயிலில் கன்டெய்னர் காத்திருந்தது.

ஆறரைக்குத் தியோ போனார்.
நான்காம் ஜன்னலை மேலே கொண்டுவந்தேன்.
ட சுலபம், இரண்டே கோடு.
ர் கூடப் புள்ளியோடு அடங்கிவிட்டது.
காவலாளி வந்து பாதி விளக்கை அணைத்தபோது
அடியில் எங்கோ சிட்டகாங் வரிசைப்பட்டுக்கொண்டிருந்தது,
ண் மூன்றாவது சுழியில்
நின்றிருந்தது.