பல் செய்யும் இரவு

ஹாமில்டன், பார்ட்டன் தெரு. மாசிக் குளிர்.
பல்செட் செய்து அனுப்பும் கூடத்தில்
இரவுப் பணி, நானும் ஔஷ்ராவும்.
அவள் லித்துவேனியாக்காரி.
மெழுகில் பதிந்த யாரோ ஒருவரின் கடைவாயை
விளக்கடியில் திருப்பியபடி
'தாந்திஸ்' என்று முணுமுணுத்தாள்.

அரம் என் கையிலேயே நின்றது.
தந்தம்?
அவளுக்கு அது பல். வெறும் பல்,
குழந்தைக்கு முளைப்பது, கிழவனுக்கு விழுவது.
எங்களிடமும் வந்தது அந்தச் சொல்.
யானைக்குக் கொடுத்துவிட்டோம்,
மனிதர்க்குப் பல்லே போதும் என்று.

அப்புறம் விடவில்லை இருவரும்.
உருக்காலைப் புகையைக் காட்டினாள்: தூமஸ்.
மெழுகு இளக்கும் சுடர்: உக்னிஸ்.
வண்டிச் சக்கரம் ராதஸ். அவள் புருஷன் வீரஸ்.
"உங்கள் ஊரில் எல்லாப் புருஷனும் வீரனா?"
"குறட்டையில்," என்றாள்.

மேற்பார்வையாளர் டெஸ்மண்ட் எட்டிப் பார்த்து
அப்படியானால் நீங்கள் ஒரே குடும்பம், என்றார்.
இல்லை.
அந்தக் குடும்ப அட்டையில் தமிழுக்குப் பெயர் இல்லை.
பங்காளி அல்ல நாங்கள், அடுத்த வீடு.
வேலிக்கு மேலால் உப்பும் நெருப்பும் கேட்டு
எத்தனையோ நூற்றாண்டாய்
கொண்டான் கொடுத்தான் ஆனவர்கள்.
சம்பந்தி என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதுவும் அந்த வீட்டுச் சொல்.
சட்டையில் தைத்திருந்த என் பெயர், தயாபரன்,
அதுவும்.
கொஞ்ச நேரம் அரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் தொண்டை கட்டியது எனக்கு.
பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றித் தந்தாள்.
"இம்பியரஸ். காரம், மெல்லக் குடி."
மூக்கு முதலில் அறிந்தது: இஞ்சி.
காது பிறகு.
எந்தக் கப்பலில் ஏறி, எத்தனை வணிகர் வாய் மாறி,
முன்னும் பின்னும் தேய்ந்து
இந்த மூடிக்குள் வந்து ஆவி பறக்கிறது!
'இஞ்சிவேர்', சொல்லிப் பார், என்றேன்.
சொன்னாள். வேரில் இடறினாள்.
நான் கேட்காமலே இன்னொரு முறை சொன்னாள்.

ஆறே முக்காலுக்கு வெளியே வந்தோம்.
அவள் கார் கிளம்பவில்லை.
என் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துவிட்டு
கைகளை அக்குளில் செருகி நின்றிருந்தோம்.
ஏரிப்பக்கம் வெளுத்தது.
"ஔஷ்ரா," என்றாள் கிழக்கைக் காட்டி,
தன்னைத் தானே கூப்பிடுவதுபோல்.
எங்கள் தெருவில் இரண்டு உஷாக்கள் இருந்தார்கள்,
சொல்லவில்லை.
"விடியுது," என்றேன்.
எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது.
கம்பியைக் கழற்றினேன்.