மூட்டைக் கணக்கு

மில்லில் எனக்குப் பேனா வேலை இல்லை.
மூட்டை ஏற ஏறச் சுவரில் கரிக்கோடு:
நாலை நிமிர்த்திப் போட்டு
ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன்.
ஏழு வருஷமாய்ப் பிழைத்ததில்லை.

மார்கழி. கிட்டங்கிக்கு மேலால் தண்ணீர்.
இந்தப் பக்கம் நாவிதன்வெளியில் நாங்கள்.
அந்தப் பக்கம் கல்முனை,
விடிய விடிய லைட் எரியும் பிள்ளைகள் வாட்டு.
நடுவில் றோட்டைக் காணவில்லை.
கரண்ட் கம்பங்கள் மட்டும்
இடுப்பளவு நனைந்து நின்றன.

நிதுர்ஷாவுக்கு நாலு வயது.
பின்னேரம் இருமல், ஒன்பது மணிக்கு இழுப்பு.
சட்டையைத் தூக்கினேன்.
விலாவுக்கு விலா தோல் உள்ளே போய் வந்தது.
கழுத்துக் குழியில்
யாரோ பெருவிரலால் அமத்தி அமத்தி எடுத்தார்கள்.

போன் வெளிச்சத்தில் எண்ணினேன்.
நாலு. குறுக்கே ஒன்று.
நாலு. குறுக்கே ஒன்று.
ஒரு நிமிஷத்தில் ஐம்பத்தி நாலு.
நாற்பது தாண்டினால் வீட்டில் வைத்திராதீங்க
என்று ஆவணிக் கிளினிக்கில் சொன்னவ
ஜெசீமா மிஸி.

அன்றைக்கு டொக்டர் கேட்டார்:
அப்பாவுக்கு என்ன வேலை?
நான் வாய் திறக்க முதல்
கொலரில் கிடந்த தவிடு சொல்லிவிட்டது.
வீட்டுக்குப் போனதும்
குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கோ என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அதையும் இரண்டு கிழமைதான் செய்தேன்.

மண்ணிறப் பம்ப் தினமும், இருமல் இல்லாவிட்டாலும்.
அடித்தால் வாய் கொப்பளிக்க வேணும்.
நீலம், இழுப்பு வந்தால்.
பத்தாம் நாள் இருமல் நின்றது.
ஜீவமலர் மண்ணிறத்தைச் சீலைகளுக்கு அடியில் வைத்தாள்.
பழகினால் விடாதாம்.
பொம்பிளப் பிள்ளை, நாளைக்கு ஆரும் கேட்டால்?
நானும் எடுத்துத் தா என்று கேட்கவில்லை.

நீலம் இருந்தது. ஸ்பேசர் வெடித்துப் போயிருந்தது.
சோடாப் போத்தலின் அடியைக்
காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டேன்.
பிளாஸ்டிக் மணத்தை ஊதி ஊதிக் கலைத்தேன்.
ஓட்டையில் பம்ப், மறுமுனை அவள் வாயில்.
இதையும் மிஸிதான் காட்டித் தந்தவ,
நான் அரைக் காதால் கேட்டது.
ஒரு அடி, ஆறு மூச்சு.
இன்னொரு அடி, ஆறு மூச்சு.
நாலாவதுக்குப் போத்தலை எடுத்துவிட்டு
"சோடா எப்ப வரும்?" என்றாள்,
மூன்று சொல்லுக்கும் மூன்று மூச்சு.
ஜீவமலர் அழுதுகொண்டே சிரித்தாள்,
பிறகு அழுதாள்.

இருபது நிமிஷத்துக்கு ஒருக்கால்.
நாற்பத்தெட்டு.
நாற்பத்தொன்று. திரும்ப நாற்பத்தாறு.
கரி எடுத்து அறைச் சுவரிலேயே கீறினேன்.

விடிய உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினோம்.
தண்ணீர் பெட்டிக்குள் வந்து கால் நனைத்தது.
வாட்டில் முகமூடி மாட்டி ஆவி பிடித்தார்கள்.
ஜெசீமா மிஸி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"ஓட்டை கொஞ்சம் பெருசு" என்றா.
மண்ணிறப் பம்ப் எங்க என்று கேட்டா.
நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இப்போது அலுமாரிக் கதவின் உள்பக்கம்
மண்ணிறப் பம்புக்குக் கோடு விழுகிறது.
இருநூறில் முடியுமாம். இன்றைக்கு எழுபத்தெட்டு.
கதவைத் திறந்தேதான் வைக்கிறாள் ஜீவமலர்.
மில் கிணற்றில் குளித்துவிட்டு வருகிறேன்,
பொடியன்கள் புதுமாப்பிள்ளை என்கிறார்கள்.

நேற்று முதலாளி கூப்பிட்டார்.
சுவரில் ஒரு நாள் கணக்கு உதைக்குதாம்:
ஏற்றினது நாற்பது மூட்டை,
கோடு ஐம்பத்தி நாலு.