ஏழு கரண்டி

டிசம்பர், காலை எட்டரை.
எஸ்பியர்க் துறைமுகத்தில் இன்னும் இரவுதான்.
கிரேன்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள்
தூக்கம் கெட்ட கண்களாக.
மூன்றாம் மாடியில் எங்கள் கெட்டில்
கொதித்து முடித்துத் தானே அணைந்தது.

கொதித்த கையோடு ஊற்றக் கூடாது,
அரை நிமிடம் அடங்கட்டும்.
இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
இன்றுதான் முதல்முறை கேட்பதுபோல்
தலையாட்டுகிறான் தோர்கில்.

அவனுடையது கடல் கணக்கு:
பதினான்கு நாள் காற்றாலைக் கோபுரங்களின் மேல்,
பதினான்கு நாள் என்னோடு.
என்னுடையது கரண்டிக் கணக்கு:
அவன் இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் மூன்று.
ஒரு கிலோப் பொட்டலம்
இருபத்தெட்டு நாளும் தவறாமல் வரும்.

இந்தத் தடவை முந்திக்கொண்டது.
கவிழ்த்துத் தட்டினேன், ஒன்றும் விழவில்லை.
காலண்டரைப் பார்த்தேன்.
இருபத்தோராம் நாள்.
அவன் பை கதவோரத்தில்
ஜிப் திறக்காமலே கிடக்கிறது.
நான் கேட்கவில்லை.
கேட்டால் கப்பல் தாமதம் என்பான்,
அதையும் நம்பித் தொலைத்திருப்பேன்.

முக்குக் கடையில் கொரகொரப்பாக அரைத்தது தீர்ந்துவிட்டதாம்.
ஃபில்டர் காகிதத்துக்கென்று அரைத்த தூள்தான் இருந்தது,
விரலில் ஒட்டினால் முகப்பவுடர்.
பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு ஆகாது, தெரியும்.
வெறுங்கையோடு வந்தால்
எங்கள் இருவருக்கும் நடுவே மேஜையில் வைக்க
வேறென்ன இருக்கிறது?

ஏழு கரண்டி. தண்ணீர்.
குப்பென்று மேலேறி நின்ற நுரையை
மரக்கரண்டியால் ஒருமுறை உடைத்துவிட்டு
மூடியை வைத்தேன்.
நான்கு நிமிடம்.

மகளுக்கு மெரெட்டே என்று பெயர் முடிவானது
இப்படியொரு நான்கு நிமிடத்தில்தான்.
இன்று அவன் ரொட்டித் துகள்களை
நகத்தால் ஒரு வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

"நான் அழுத்துகிறேன்" என்றான்.
தண்டு பாதி தூரத்தில் நின்றுவிட்டது.
சல்லடைக்கு அடியில் தூள்
சேறாக இறுகியிருந்தது.
விடு என்றேன்.
விடுகிற ஆளா.
போல்ட் முறுக்கிப் பழகிய கை.
எழுந்து நின்று
உடம்பின் பாரத்தையெல்லாம்
உள்ளங்கையில் இறக்கினான்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.
கண்ணாடி இரண்டாகப் பிளந்து விழ
கறுப்பு வெள்ளம் வெண்ணெய்த் தட்டைச் சுற்றிக்கொண்டு
அவன் சட்டைக்கையில் ஏறியது.
சுட்டுவிட்டதா?
விரித்துப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.
அந்தக் கையிடம்தான் சொன்னான்:
"இனி என்னை ஏற விடமாட்டார்கள், யூட்டே.
காதுக்குள் ஏதோ கோளாறு.
மேலே போனால் சுற்றுகிறது.
ஆறு வாரமாக."

ஆறு வாரம்.
அதில் பதினான்கு நாள்
நூறு மீட்டர் உயரத்தில் நின்றிருக்கிறான்,
யாரிடமும் சொல்லாமல்.
சில்லுகளைப் பொறுக்கிச் செய்தித்தாளில் சுருட்டினேன்.
பேச்சு வரவில்லை, மேஜையைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"தள்ளு" என்று
பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்தான்.
கப்பலில் இப்படித்தானாம்.
தண்ணீரிலேயே தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டான்,
பொங்கும்போது இறக்கினான்,
குழாயைத் திறந்து
குளிர்நீர் ஒரு கை அள்ளித் தெளித்தான்.
தூள் கொஞ்சம் தயங்கியது.
பிறகு சுற்றிச் சுற்றி
யாரும் அழுத்தாமல்
தானாக அடியில் போய் அமர்ந்தது.

கடைசி மடக்கில் மண்டி.
துப்பாமல் மென்றோம், கசந்தது.
"கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா?"
கிடைக்கும் என்றேன்.
"சின்னதாக வாங்கினால் போதாதா?"

ஜன்னலில் சாம்பல் நிறத்தில் ஏதோ வெளுத்தது,
அதற்கு இங்கே விடிதல் என்று பெயர்.
நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
ஏழு இருபத்தெட்டு நூற்றுத் தொண்ணூற்றாறு.
ஒரு பொட்டலம் காணாது.