களுவாஞ்சிகுடி வரைக்கும் சவர்க்காரம்

கல்முனையில் ஒரு மீன்தொட்டிக் கடை.
கொண்டக்டர் தோல்பையைக் கவிழ்த்து
குத்திக்காசாய் எண்ணிக் கொடுத்து
இவர் வாங்கின ஆமை.
அதனால் பெயர் சில்லறை.
அப்போது ஒரு பத்து ரூபாய்க் குத்தி அளவு,
இப்போது சோற்றுக்கோப்பை.
கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு,
யாரோ குங்குமத்தை அவசரத்தில் இழுத்தமாதிரி.

ஐந்தாம் மாசம் வீட்டுக்கு வந்தா
மிட்வைஃப் ஜெசீமா மிஸ்.
குசினி சிங்க்கில் நான் தொட்டி கழுவுவதைப் பார்த்து
முதலில் கதைக்கவேயில்லை.
மறுகா, கொப்பியை மூடிவிட்டுக் கேட்டா:
"இதிலதானா புள்ள அரிசியும் கழுவுற?"

ஓட்டிலும் தண்ணீரிலும் ஒன்று இருக்கலாமாம்.
சில்லறைக்கு அதனால் ஒரு வருத்தமும் இல்லையாம்.
எனக்கென்றால் காய்ச்சல், வயிற்றோட்டம்.
உள்ளே இருக்கிறதுக்கு என்னவென்று
மிஸ் சொல்லாமல் விட்டா.
சல்மொனெல்லா.
மருதமுனைச் சாரி ஒன்றுக்கு வைத்த பெயர்போல
அழகாய்த்தான் இருந்தது.

பக்கத்து வளவு தவமலர் அக்கா
ஆற்றில் விடச் சொன்னா.
"அது நம்மட தண்ணிச் சாமான் இல்ல,
விட்டா அங்க உள்ளதையெல்லாம் தின்னும்" என்றார் இவர்.
ஆமை புகுந்த வீடு என்று அக்கா தொடங்க,
புகுந்தது நான்தான் அக்கா என்றேன்,
அது எனக்கு முந்தியே இங்க இருக்கு.

தொட்டி பின் விறாந்தைக்குப் போனது.
அதற்கென்று ஒரு வாளி, ஒரு பிரஷ்.
ஊத்தைத் தண்ணி கக்கூசுக்கு.
எல்லாம் இவர் பாடு.
மூக்கில் கொஞ்சினவள் நான்
கண்ணாடிக்கு இங்கால நிற்கிறேன்.
கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு
அது இழுத்துக்கொள்கிறது.

வயிறு பார்க்க வருகிறவர்கள்
மீன் வெட்டின கையோடு, காசு எண்ணின கையோடு
கேளாமலே தடவுகிறார்கள்.
சில்லறையைத் தொட ஒண்ணா.
என்னைத் தொடலாம்.

இருபது செக்கன் சவர்க்காரம் போடவேணும் என்றா மிஸ்.
இவருக்கு செக்கன் வராது,
ஹோல்ட் வரும்.
கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை,
பெரியநீலாவணையில் விரலிடுக்கு,
பெரியகல்லாற்றில் நகம்,
களுவாஞ்சிகுடி வந்தால்தான் பைப் திறக்கும்.
வேலையில் இருக்கிறமாதிரியே சத்தமாய்.
மருதமுனை என்றால் உள்ளே ஒரு உதை,
இறங்க மணி அடிக்கிறதுபோல.

பிள்ளைக்கு அஞ்சு வயது முடியட்டும், அதுவரைக்கும்
கண்ணால் மட்டும் என்றிருக்கிறா மிஸ்.
முப்பது வருஷம் இருக்குமாம் சில்லறை.
அதற்கென்ன அவசரம்.

நேற்றிரவு, சொன்ன தேதிக்கு எட்டு நாள் கிடக்க,
நாரியிலிருந்து முன்னுக்கு ஒரு இறுக்கம்.
விட்டது.
மறுகா ஒன்று.
பின்னால் இவர் முழங்கை வரை நுரையோடு.
"இஞ்சேருங்க, கெதியா வாங்க."

திரும்பின முகத்தில் இரத்தமில்லை.
கால் இரண்டும் என் பக்கம் வெளிக்கிட்டு,
கை இரண்டும் பைப்படியிலேயே நின்று,
"கோட்டைக்கல்லாறு" என்றார்
அழப்போகிறவர்போல,
"ஓந்தாச்சிமடம்..."