இருநூற்றுப் பன்னிரண்டு

முதல் மூன்று மாதம்
பூத்துறைக்குப் போகாமலேயே
பூத்துறையில் களப்பணி செய்தேன்,
மார்த்தாண்டத்தில், மின்விசிறிக்குக் கீழே,
போனைச் சார்ஜில் போட்டபடி.
அட்மின் பெஞ்சிகர் அனுமதி தந்திருந்தார்:
‘எழுதிக்கோங்க. மீன் வெலைய மட்டும்
வெளிய சொல்லப்பிடாது.’

நோட்டில் மூன்று பத்தி பிரித்தேன்.
கொடுத்தது, வாங்கியது, திருப்பித் தந்தது.
கட்டை விரலுக்குக் கட்டை விரல் வந்தாக வேண்டும்,
கல்யாண வீட்டுச் சுருளைப் போல.
ஐந்நூறு எழுதியவருக்கு ஐந்நூறே எழுதினால்
ஞாயிறு பூசையில் ஒரு முகம் திரும்பிக்கொள்ளும்.
மகளின் புதுநன்மைப் படத்துக்கு
இதயம் போடாத ஏழு பேரும்
கில்டாவுக்கு மனப்பாடம்.

கோட்பாடு அப்படியே பொருந்தியது.
எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆடியில், தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில்
வள்ளம் கவிழ்ந்து சில்வதாசன் போனார்.
குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அடக்கம் முடிந்த இரவும்
இருநூற்றுப் பன்னிரண்டு.
முப்பதாம் நாள் பூசையின் நேரத்தை
அவருக்கும்தான் அனுப்பினார்கள்.

‘மூதாதை?’ என்று ஓரத்தில் எழுதினேன்.
அவர் பெயருக்கு வந்த கும்பிட்ட கைகள் நூற்று நாற்பது.
மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றுமில்லை.

ஐப்பசியில் ஒருநாள், காலை ஐந்தரைக்கு,
சில்வதாசன் ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.
இனிய காலை வணக்கம்.

பதினோரு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.
பிறகு எல்லாரும்.

கம்பெனி அந்த எண்ணை வேறொருவருக்கு விற்றிருந்தது.
தாராபுரத்தில் கோழித்தீவனக் கடை.
கடலைப் பார்த்தது ஒரே தடவையாம்,
அதுவும் பஸ் ஜன்னல் வழியாக.

அன்றுதான் பஸ் ஏறினேன்.
அல்போன்சாள் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.
கேட்கக்கூடாததைக் கேட்டேன்,
‘அந்த நம்பரை நீக்கச் சொல்லவா?’

‘வேண்டாம் மோளே, அது கெடக்கட்டு.
கரை அணைஞ்சா
அந்த நேரத்துக்குத்தான் போன் அடிக்கும்.’
பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.
‘இப்பம் பூ வருது. எந்திரிச்சுப் போடுகேன்.’

இதை நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த இரவு
கையால் செய்தி தள்ளிக்கொண்டே விழித்திருந்தேன்.
இரண்டு மணிக்குத் தாராபுரத்துக்காரர்:
‘எல்லாரும் கரைக்கு வந்துட்டீங்களா?’

பெஞ்சிகர்:
‘இன்னும் மூணு வள்ளம் வரணும்.’